கொழும்புச் சரக்கு

ஜூலை 8, செவ்வாய்

தங்கை பெனிட்டாவுக்கு ஸ்கேட்போர்டு பலகை வாங்கப் போனோம். பழைய பலகை ஓடும்போதே பிளந்து அவள் மணிக்கட்டு பிசகியது. இந்த முறை எந்த நாட்டில் செய்தது என்று தெரியாமல் வாங்குவதில்லை என்றிருந்தேன்.

கடைக்காரரிடம் கேட்டேன். பெட்டியில் ஒட்டியிருந்த கப்பல் சீட்டைக் காட்டி, "கொழும்புச் சரக்கும்மா, ஒரிஜினல்" என்றார். இந்தத் துறைமுக ஊரில் அப்படிச் சொன்னால் போதும், யாரும் மேலே கேட்பதில்லை. இறக்குமதிச் சரக்கை விடுவிக்கும் கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கும் நான் தினமும் அந்த மாதிரிச் சீட்டைப் பார்த்துத்தான் டைப் செய்கிறேன்.

"அண்ணாச்சி, கொழும்புல சரக்கு கப்பல்தான் மாறும். செஞ்ச நாடு எது?"

"கனடா மேப்பிள்னு போட்டிருக்குல்லா?"

"அது மரம் அண்ணாச்சி."

"பெறவு பலகைய இரும்புலயா செய்வாவ? நாலு எழுத்து படிச்சிட்டு என்னா கேள்வி கேக்குதா பாரு."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். பெனிட்டாவும் சிரித்தாள்.

பலகையைத் திருப்பினேன். நாட்டின் பெயர் அச்சிட்டிருந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து அழித்திருந்தார்கள். முதல் எழுத்தின் ஓரம் மட்டும் மிச்சம். அதன்மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பலகையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

நாங்கள் படியிறங்கும்போதே அதே பலகையை அடுத்து வந்தவர் கையில் கொடுத்தார். நான் உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பெனிட்டா என் கையைப் பிடித்து இழுத்ததால் வந்துவிட்டேன் என்று எழுத நினைத்தேன். அவள் பிடி அப்படியொன்றும் இறுக்கமாக இல்லை.