குடிக்காத அண்ணனுக்கு வைத்த பாட்டில்

என் பிரியமான அண்ணே,

கோபம் அடங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று இருந்தேன். அது அடங்குகிற வழியாக இல்லை. உன் பதினாறாம் நாள் படையலில் இலை போட்டு, கறிக்குழம்பு ஊற்றி, பக்கத்தில் ஒரு பிராந்தி பாட்டிலையும் வைத்துவிட்டார்கள். ராத்திரி லோடுக்கும் வெறும் பால் குடித்துவிட்டு வண்டி ஏறுகிற உனக்கு!

வைத்தது நம் பெரியப்பா. "ஏட்டி, இருவது வருசம் காய்கறி லோடு ஓட்டுனவன். ஈரல்ல கேன்சர்னா வேற எதுனால வரும்?" என்றார். பாட்டிலை எடுத்து வாசல் சாக்கடையில் கவிழ்த்தேன். பெரியவர்களை மதிக்கத் தெரியாதவள் என்று பெயர் வாங்கியாயிற்று. போகட்டும்.

உனக்கு இருந்தது ஹெபடைடிஸ் பி கிருமி. பிறக்கும்போது அம்மாவிடமிருந்து வந்ததோ, எந்த ஊசியில் வந்ததோ, தெரியாது. கல்லூரியில் நான் நடத்துகிற பாடம்தான் இது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டைமேல் சாயத்தில் குறி போடுவார்கள், அதைப் பார்த்துத்தானே ஏற்றுவாய்? ஈரல் செல்லுக்குள் இருக்கிற புரதங்கள்மேலும் சின்னச் சின்ன வேதிக் குறிகள் ஒட்டும். எது வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும், எது குப்பைக்குப் போகணும் என்று அந்தக் குறிதான் சொல்லும்.

கிருமி அந்தக் குறிகளை மாற்றிவிடுகிறது. கெட்டுப்போன செல்லைப் பெருகவிடாமல் தடுக்கிற காவல் புரதத்துக்குக் குப்பைக் குறி விழுகிறது. பெருகச் சொல்லுகிற புரதங்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. வலியே இல்லாமல், வருடக்கணக்கில், கேன்சர் ஆகும்வரை. இதில் பிராந்தி எங்கே வந்தது?

எல்லாம் படித்த நான் என்ன கிழித்தேன்? உனக்குக் காமாலை வந்தபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். கண்ணில் மஞ்சள் போய் வெளுத்தது. குற்றாலத்தில் தலை நனைத்தால் சீக்கு முடிந்தது என்றாள் அம்மா. ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நின்று நானும் சிரித்துக்கொண்டே குளித்தேன். ஒரு ரத்தப் பரிசோதனைக்கு உன்னை இழுத்துக்கொண்டு போகவில்லை.

உன்மேலும் கோபம்தான். வயிறு கனக்கிறது என்பதை எத்தனை மாதம் மறைத்தாய்? ஏன் அண்ணே?

போன வாரம் குத்துக்கல்வலசையில் உன் வீட்டுக்குப் போய், மதினியும் பிள்ளையும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். கிருமி இருந்தால் வைத்தியம் உண்டு, இல்லையென்றால் தடுப்பூசி உண்டு என்றும் சொன்னேன்.

"மவளுக்கு நாளைக்கு மாப்பிள்ள பாக்கணும்லா. சீக்குக் குடும்பம்னு சொல்லிருவாவ. குடிச்சே செத்தாருன்னு இருந்துட்டுப் போவட்டும்ட்டி," என்றாள் மதினி.

குடிகாரன் வீட்டில் பெண் எடுப்பார்களாம், கிருமி உள்ள வீட்டில் எடுக்க மாட்டார்களாம்! உன் பெயரை விற்று மகளுக்கு மாப்பிள்ளையா என்று கத்திவிட்டேன். அவள் அழுதாள்.

நேரே தென்காசிக்குப் போய் முதலில் என் ரத்தத்தைக் கொடுத்தேன். நேற்று முடிவு வந்தது. எனக்கும் இருக்கிறது, அண்ணே.

அந்தக் காகிதத்தை மதினியிடம் கொடுத்தேன். அதில் என் பெயரை வாசித்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள். "செருப்ப மாட்டுட்டி. தென்காசி வரைக்கும் போயிட்டு வருவோம்."

அவர்கள் முடிவு நாளை வரும். எது வந்தாலும் அவர்களைத் தனியாக விடமாட்டேன். டாக்டர் சொன்ன நாளில் என் ஈரலை ஸ்கேன் பார்க்கப் போய் நிற்பேன். உன்னைக் குடிகாரன் என்கிற ஒவ்வொருவரிடமும் கிருமியின் பெயரைச் சொல்லி, எனக்கும் அதுதான் என்பேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த தங்கச்சி