கரிச்சட்டிக்கு எவ்வளவு வெளிச்சம்

ஜூன் 4

நாய்க் காப்பகத்திலிருந்து வந்த கையோடு அண்ணி என் கணினியில் பென்டிரைவைச் செருகினார். "கொழுந்தனாரே, இன்ஜினியரிங் படிச்சு என்ன பிரயோஜனம்? இந்தப் புள்ளைய ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டேங்கறாங்க."

அதிலிருந்த படத்தைத் திறந்தால், நாலு கால் வைத்த இருட்டு, ஒரு கறுப்பு நாய். கரிச்சட்டி என்று பெயராம், பொருத்தம்தான். இணையத்தில் படத்தைப் பார்த்துத்தான் வளர்க்க ஆள் வருகிறார்கள். கூட வந்த நாய்களெல்லாம் வீடு போய்ச் சேர்ந்தாயிற்று. இது இப்போது ஆள் வந்தால்கூட எழுந்து வருவதில்லையாம். அதைச் சொல்லும்போது மட்டும் அண்ணி கிண்டல் செய்யவில்லை.

ஜூன் 5

மென்பொருளில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் மொத்த வெளிச்சத்தை, ஏற்றினேன். நாய் பளிச். இதற்குப் போய் இவ்வளவு கவலையா!

ஜூன் 9

காப்பகத்துக்கு ஒரு குடும்பம் வந்திருக்கிறது. கூண்டின் முன் நின்று, "போட்டோல சாம்பல் கலர்ல ஒண்ணு இருந்துச்சே, அது எங்க?" இதுதான் அது என்றதும் கிளம்பிவிட்டார்கள். அன்றைக்கென்று பார்த்து அது எழுந்து வாலாட்டிக்கொண்டு வந்ததாம்.

"நான் வெளிச்சம்தான கேட்டேன். நீங்க பவுடர் அடிச்சு விட்டுட்டீங்க" என்றார் அண்ணி.

எனக்குச் சுர்ரென்றது. நீங்க படம் எடுத்த லட்சணம் அப்படி, நான் என்னத்தப் பண்றது? கத்திவிட்டேன்.

"அப்ப நீங்களே வந்து எடுங்க."

ஜூன் 12

போனேன். நிழலில், நாயின் முகத்தில் வெளிச்சம் பட எதிரே வெள்ளைத் துணி விரித்து, கேமராவோடு தயார். அது தலையைத் தூக்கினால்தானே! எனக்குப் பொறுமை போய்விட்டது. அண்ணி அலட்டிக்கொள்ளவில்லை. சிமென்டுத் தரையில் கவிழ்ந்து படுத்து, மாடி வீட்டுச் சண்டையை அதன் காதில் ஆதியோடந்தமாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். சேலை முழுக்க மண். கதை பாதி போனபோது அது தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. கண்ணுக்குள் ஒரு வெளிச்சப் புள்ளி. எடுத்துவிட்டேன்.

எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது, அந்தப் பொறுமை.

ஜூன் 13

எக்ஸ்போஷரைத் தொடவில்லை. நிழல் பகுதிகளைத் துலக்கும் ஷேடோஸ் கொஞ்சம் மேலே – ரோமம் இழை இழையாகத் தெரிந்தது. அடர்கறுப்புக்கான பிளாக்ஸைக் கீழே இறக்கினேன், கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். அடேயப்பா, என்ன கறுப்பு! கழுத்தில் நீலம் ஓடுகிறது, காது நுனியில் பழுப்பு. இது எப்படி யார் கண்ணிலும் படாமல் போயிற்று?

அண்ணி கண்ணில் பட்டிருக்கிறது. முதல் நாளே.

ஜூன் 21

ஒரு தையல்காரரும் மனைவியும் கரிச்சட்டியைக் கூட்டிப்போனார்கள். "படத்துல இருந்த மாதிரியே இருக்கான்" என்றாராம் அந்த அம்மா. அண்ணி இதை மூன்று தடவை சொல்லிவிட்டார்.

ஜூலை 2

தையல்காரர் அனுப்பியதை அண்ணி எனக்குத் தள்ளிவிட்டிருந்தார். படு மோசமான படம். விளக்கில்லாத அறை, கருநீல சோபா, தெரிவது இரண்டு கண்ணும் யாருடைய முழங்காலோ ஒன்றும்தான். கீழே, "சார் எடம் புடிச்சுட்டாரு. நாங்க தரையில உக்காந்திருக்கோம்."

பழக்கதோஷம், மென்பொருளில் திறந்துவிட்டேன். ஷேடோஸ் வரை கை போயிற்று.

எதற்கு? இனி அதை யாருக்கும் எடுத்துக் காட்ட வேண்டியதில்லையே.

அப்படியே மூடினேன்.