நம் காரின் முள் இப்போது வேலை செய்கிறது

என்றும் என் அன்புக்கு உரியவருக்கு,

கடிதத்தைப் பெயர் சொல்லித் தொடங்க வேண்டும் என்று கான்வென்டில் கற்றுக்கொடுத்தார்கள். நீங்கள் இருந்தபோதே உங்கள் பெயரை நான் சொன்னதில்லை. இப்போது எழுதவும் கை வரவில்லை.

காரை வரும் வியாழக்கிழமை கொடுத்துவிடுகிறேன். அரியலூரிலிருந்து பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து ஏற்றிக்கொண்டு போவார். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு கார் ஷெட்டிலேயே நின்றது. நம் ரவி சென்னையிலிருந்து போனில், "ஓடாத வண்டிய வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப்போற? வித்துடு" என்றான். ஓடும் என்றேன். "அப்ப நீயே அரியலூர் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிட்டு வா. அப்புறம் விக்கிறதப் பத்தி நான் வாயே தொறக்கமாட்டேன்" என்றான். என்னிடம் பந்தயம்! ஒப்புக்கொண்டேன். நீங்கள் தொட்டுப் பழகிய பொருள்களில் வீட்டில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதானே.

ஆனால் எனக்கு உங்கள் காது கிடையாது. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் எத்தனையோ வருடமாகக் கீழேயே படுத்துக் கிடந்தது. கேட்டால், "அது செத்துப்போச்சு. எனக்குச் சத்தத்துலயே தெரிஞ்சுடும்" என்பீர்கள். எனக்கு அது சரிப்படாது. கண்ணெதிரே ஒரு கருவி இருந்தால் அது உண்மையைச் சொல்ல வேண்டும்.

லப்பைக்குடிக்காடு காதர் பாயை வரவழைத்தேன். துபாய் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு வந்து பெரம்பலூரில் பட்டறை போட்டிருக்கிறார். பானெட்டைத் திறந்து பார்த்தார். சூட்டை அளக்கும் சென்சார் இருக்க வேண்டிய துளையில் ஒரு போல்ட்டை முடுக்கி அடைத்திருந்தது. அதற்குப் போகும் ஒயரின் நுனியில் டேப் சுற்றி, நூலால் கட்டி ஓரமாக ஒதுக்கியிருந்தது. அந்த முடிச்சு உங்களுடையது. சாமான் கிடைக்காமல் அடைத்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன்.

"இதுக்கு ஒரிஜினல் சென்சார் வேணும்னா சீமைக்குத்தாம்மா போவணும். டிராக்டரோடது ஒண்ணு இருக்கு. மரை சேரும்" என்றார் பாய்.

"மரை சேந்தாப் போதுமா பாய்? மீட்டரோட சேர வேணாமா?"

"எங்க அரபி முதலாளிகூட இவ்வளவு கேள்வி கேட்டதில்லம்மா."

பேட்டரியையும் மீட்டரையும் அடுப்படிக்கே கொண்டுவரச் சொன்னேன். பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். பாய் ஒரு ஒயரைச் சென்சாரின் தலையிலும், எர்த் ஒயரை அதன் உடம்பிலும் மாட்டிக் கொதிநீரில் இறக்கினார். முள் பாதியிலேயே நின்றுவிட்டது. கொதிக்கும் தண்ணீரைப் பாதிச் சூடு என்று சொல்கிற ஒன்றை நம் காரில் மாட்ட விடுவேனா? திருப்பி அனுப்பினேன். அடுத்து, வேறொரு டிராக்டருக்கான சென்சாரைக் கொண்டுவந்தார். முள் நேராகச் சிவப்புக் கோட்டை ஒட்டிப் போய் நின்றது.

காரில் மாட்டும்போது, தண்ணீர் ஒழுகக் கூடாதென்று, குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை மரையில் தடிமனாகச் சுற்றி முடுக்கினார். இன்ஜின் சூடேறியும் முள் அசையவில்லை.

"இதுவும் மவுத்தாயிடுச்சும்மா" என்றார்.

"அடுப்படியில ஏறிச்சே. அங்க உடம்புல எர்த் குடுத்தீங்க. இங்க டேப்பச் சுத்திட்டா எர்த் எப்படி வரும்?"

நெற்றியில் அடித்துக்கொண்டார். டேப்பை உரித்துவிட்டு, செம்பு வாஷர் போட்டு மறுபடி மாட்டினார். முள் எழுந்தது. நீங்கள் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்களா?

மறுநாள் காலை நான் ஓட்ட, பாய் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். சிமென்ட் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் அரியலூர் ரோட்டில் போனோம். பாதி வழியில் நீங்கள் எப்போதும் நிறுத்தும் டீக்கடை வருவதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது.

"மீட்டரு பொய் சொல்லுதோ?" என்றார் பாய்.

"சொல்லாது. கொதிக்கிற தண்ணியில பாத்துட்டோம்."

டீக்கடை முன்னால் நிறுத்தினேன். பானெட்டிலிருந்து ஆவி வந்தது. ஆறிய பிறகு பாய் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே தண்ணீர், பால் கலந்த காபி மாதிரி இருந்தது.

"ஆயில் கலந்துருக்கும்மா. இன்ஜின் பிளாக்கே வெடிச்சுருக்கு. இது இன்னிக்கு வந்த வெடிப்பு இல்ல, வருசக்கணக்கா இருக்கும். இனிமே ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

டீக்கடைக்காரர் ஒரு குடம் தண்ணீரோடு வந்தார். நாங்கள் கேட்கவே இல்லை. "சாரு வந்தா, அம்மாவுக்கு டீ குடுக்கச் சொல்லிட்டு, பின்னாடி வந்து தண்ணி கேப்பாருங்க. அம்மாகிட்ட சொல்லிடாதய்யாம்பாரு" என்றார்.

அப்போதுதான் அந்தப் போல்ட் புரிந்தது. சாமான் கிடைக்காததால் நீங்கள் அடைக்கவில்லை. முள் ஏறுவதை நான் பார்த்துவிடக் கூடாதென்று அடைத்தீர்கள். கடைசி வருடத்தில் உங்கள் தெர்மாமீட்டரை வாயிலிருந்து எடுத்ததும், ஏறியது இறங்கட்டும் என்று ஒரு உதறு உதறிவிட்டுத்தானே என்னிடம் நீட்டுவீர்கள்? "ஒண்ணுமில்ல, நார்மல்தான்." நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு, பாதரசத்தைப் படித்து, நார்மல் என்று நம்பினேன். எவ்வளவு நாளாகத் தெரியும் உங்களுக்கு? எனக்கும் தெரிந்திருந்தால், இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பீர்களா?

டிராக்டர் சென்சாரை மாட்டிய காரை ஒரு டிராக்டர்தான் கயிறு கட்டி இழுத்து வந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவே பார்த்தது. பந்தயத்தில் ரவி ஜெயித்துவிட்டான். அவனுக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

"சென்சாரக் கழட்டிக்கட்டாம்மா? வேற வண்டிக்கு ஆவும்" என்று பாய் கேட்டார். வேண்டாம் என்றேன். போகிறபோது கார், வேலை செய்கிற முள்ளோடு போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ரவி போன் செய்வான். "எப்படிம்மா இருக்க?" என்று கேட்பான். இத்தனை நாளும், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றே சொல்லி வந்தேன். உங்களிடம் கற்றதுதான். இந்த ஞாயிறு, நன்றாக இல்லை என்று சொல்வேன். அதனால் எதுவும் சரியாகிவிடாது, தெரியும். ஆனாலும் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
அந்த டீயைக் கடைசிவரை நம்பிக் குடித்த உங்கள் மனைவி,
கமலா