இரண்டு கேட்டுக்கு நடுவில்

ஐப்பசி 18, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கொடியில் போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை. கடைக்காரர் சனிக்கிழமை ஆள் அனுப்புகிறாராம், நான்கு பட்டுப் புடவைக்கு முந்தானைக் குச்சு கட்டி வைக்கணும். நூல் ஈரம் குடித்து விரலில் ஒட்டுகிறது. ஒன்றுதான் முடிந்தது.

பல்லி விழுந்தது. தலைமுடி, இடது பக்கம். காலண்டர் பின்பக்கத்தில் பலன் பார்த்தேன். என்ன போட்டிருக்கிறது என்று இங்கே எழுத மாட்டேன். கலாவிடமும் சொல்லவில்லை. வயிற்றில் ஆறு மாசம் அவளுக்கு.

சாயங்காலம் முரளி ஃபோன், துபாயிலிருந்து. பெயருக்குத்தான் தங்கச்சி மகன். தங்கச்சி போன பிறகு என் இடுப்பிலேயே வளர்ந்தவன். லாரி ஓட்டக் கற்றுக்கொள்ளாதே என்று எவ்வளவு சொன்னேன்.

"பெரீமா, சனிக்கிழம மஸ்கட்டுக்கு லோடு. டைல்ஸு. மொத தடவ ஓமன் நாட்டுக்குப் போறேன். நேரம் பாத்துச் சொல்லு."

"அந்த நாடுன்னா ஏரோப்ளேன்லயாடா?"

"லாரிய எவன் ஏரோப்ளேன்ல ஏத்துவான்? ரோடுதான். மலை தாண்டினா அந்த நாடு. நம்ம சித்தூர் போற மாதிரி."

கலா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பேசட்டும். கல்யாணமாகி இரண்டு பேரும் சேர்ந்து இருந்ததே எத்தனை நாள்.

வாங்க: கற்பூரம். நல்லெண்ணெய். கலாவுக்கு மாதுளை. அரக்குக் கலர் நூல். குடை ரிப்பேர்.

ஐப்பசி 19, புதன்

மழை விட்டு விட்டு. காலையில் வரதர் கோயில். தங்கப் பல்லியைத் தொட்டேன், வெள்ளிப் பல்லியைத் தொட்டேன், மறுபடி தங்கப் பல்லி. பின்னால் நின்றவள், "உம்மேல ஒரு பல்லிதானமா வுழுந்துச்சு? கூட்டமே வுழுந்த மாதிரி தொட்டுக்கினே இருக்கிறியே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தோஷம் போச்சு என்று நினைத்தேன்.

பௌர்ணமி. மாகறல் போனேன், அன்னாபிஷேகம் பார்க்க. பஸ்ஸில் நின்றுகொண்டேதான். சாமிக்கு முழுக்க அன்னம் சாத்தி, கண்கொள்ளாக் காட்சி. தீபாராதனை காட்டும்போது இடது பக்கத்து அன்னம் மட்டும் சரிந்து விழுந்தது. ஐயர் கையாலேயே ஒட்டி வைத்தார். "ஈரம், வேறொண்ணுமில்ல" என்றார், யாரும் கேட்காமலே.

வீட்டுக்கு வந்ததும் காலண்டர். தெருவில் ஸ்கூட்டர் எடுத்தாலும், காது குத்தினாலும் என்னைக் கேட்டுத்தான். சொந்தப் பிள்ளைக்கு இன்னும் பார்க்கவில்லை. சனிக்கிழமைத் தாளைத் தூக்கிப் பார்த்தேன்.

சந்திராஷ்டமம்: சுவாதி.

முரளி சுவாதிதான். உடனே கூப்பிட்டேன்.

"சனிக்கிழம வேணாம்டா. ஒன் நட்சத்திரத்துக்கு ஆகாது. புது ஊரு வேற, மலை வேற. வெள்ளிக்கிழமையே கெளம்பிடு, ராகு காலத்துக்கு முன்னாடி."

"லோடு ரெடியாத்தான் பெரீமா இருக்குது. ஒரு நாள் முன்னாடி போனா மொதலாளிக்கும் சந்தோஷம்தான். கேட்டுப் பாக்கறேன்."

"கேக்காத. கெளம்பு."

சிரித்தான். அப்பாடா என்று இருந்தது. சாமி அன்னம் ஒரு உருண்டை கலாவுக்குக் கொடுத்தேன்.

ஐப்பசி 20, வியாழன்

தூறல். இரண்டாவது புடவை முடிந்தது. முழங்கால் வலி.

மாடியில் குடியிருக்கிற ஷபானாவுக்குக் கொஞ்சம் புளிசாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆற்காட்டுப் பெண். வீட்டுக்காரர் ஒரகடம் கம்பெனியில் ஷிஃப்டு. இவளுக்கு வீட்டிலேயே கம்ப்யூட்டர் வேலை. காதில் ஒயர், மடியில் தலையணை, அதன்மேல் லேப்டாப். என்னதான் செய்கிறாள் என்று இன்றைக்குக் கேட்டேவிட்டேன்.

"தகாஃபுல் ஆன்ட்டி. எங்க முறைப்படி நடக்குற இன்சூரன்ஸ். துபாய்ல என்ன சட்டம், பக்கத்துல ஓமன்ல என்ன சட்டம், அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், கட்டம் போட்டு எழுதணும்."

"இன்சூரன்ஸுல என்னாமா முறை?"

"எல்லாரும் ஒரு பானைல தானமாப் போடுவாங்க. யாருக்கு அடிபட்டாலும் அந்தப் பானைலேர்ந்து குடுப்பாங்க. கம்பெனிக்காரன் பானையப் பாத்துக்கிறதுக்குக் கூலி வாங்கிக்குவான், பானை அவனுது இல்ல. வட்டிக்கு வுடக் கூடாது. கொறஞ்சா அவன்தான் வட்டியில்லாம கைமாத்துப் போடணும்."

"நம்ம தெரு சாவு பண்டு மாதிரி."

"அதேதான். ஆனா இதுக்கு மார்க்கம் படிச்ச ஆலிம்ங்க கமிட்டி உண்டு. ஒரு நாட்டுல எல்லாக் கம்பெனிக்கும் மேல ஒரே கமிட்டி. இன்னொரு எடத்துல கம்பெனிக்குக் கம்பெனி தனி. மிச்சம் வந்தா யாருக்குத் திருப்பித் தரணும், எந்த நாள்லேர்ந்து பொறுப்பு, எது வரைக்கும் பொறுப்பு, அதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாறும்."

"பக்கத்துப் பக்கத்து நாடு, ஒரே சாமி. எதுக்கு மாறணும்?"

"உங்க வரதர் கோயில்ல ஒரே பெருமாள்தான? ரெண்டு நாமம் எதுக்கு ஆன்ட்டி?"

கெட்டிக்காரி. புளிசாதம் உப்பு கம்மி என்றும் சொன்னாள். கம்மிதான்.

முரளி வண்டிக்கும் அதே தகாஃபுல்தானாம், போன மாசம் சொன்னான். நம்ம சாமி கும்பிடுகிறவனையும் அந்தப் பானையில் சேர்ப்பார்களா என்று கேட்டேன். "யார் வேணும்னாலும் சேரலாம் ஆன்ட்டி, அடி எல்லாருக்கும்தான படுது" என்றாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அடி என்று சொல்லியிருக்க வேண்டாம்.

ஐப்பசி 21, வெள்ளி

காலையிலிருந்து கரண்ட் இல்லை. நல்ல மழை. ஃபோன் சார்ஜ் இறங்கிச் செத்துப்போச்சு. கலாவுடையதும். விளக்கேற்றி, முரளி பெயருக்கு ஒரு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டேன். இந்நேரம் கிளம்பியிருப்பான்.

நாலு மணிக்குத்தான் கரண்ட். ஃபோனைப் போட்டதும் முரளி வாய்ஸ் மெசேஜ், காலையில் அனுப்பியது. மாடிப்படி கீழே நின்று, கலாவும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன்.

"பெரீமா, கெளம்பிட்டேன். ராகு காலத்துக்கு முன்னாடியே. சக்கரத்துல எலுமிச்சங்கா வெச்சு ஏத்திட்டேன். அந்த நாட்டுக்கான தகாஃபுல் நாளைலேர்ந்துதான் ஆரம்பம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. ஒரு நாள்ல என்ன ஆயிடப்போவுது? நீ பாத்துக் குடுத்த நேரம் இருக்குது."

கலாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மேலே ஷபானா படியில் பாதி இறங்கினவள் அப்படியே நின்றாள்.

"ஆன்ட்டி, இன்னொரு தடவ போடுங்க."

போட்டேன். கீழே வந்து என் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"நாளைக்குக் கெளம்ப வேண்டியவரு ஏன் இன்னிக்குக் கெளம்பினாரு?"

"நான்தான் சொன்னேன். நாளைக்கு சந்திராஷ்டமம்."

அவள் முகம் போன விதம்.

"அந்தப் பக்கத்துப் பானைல அவரு பேரு நாளைக்குத்தான் சேருது ஆன்ட்டி. எல்லை கேட்டாண்ட ஒரு காகிதம் விப்பாங்க, அது எதிர்ல வர்றவனுக்கு அடிபட்டாதான். இன்னிக்கு மலை தாண்டி இவருக்கு எதுனா ஆச்சுன்னா, கையி காலு, லாரி, எல்லாம் அவரு தலைலதான். நாளைக்குப் போனா எல்லாம் சரி."

"நாளைக்குப் போகவே கூடாதுன்னுதானே..."

"இப்பவே நிறுத்தச் சொல்லுங்க."

மூன்று தடவை அடித்தேன். போகவில்லை. கலா கூடத்திலிருந்து, "அத்தை, யாருக்கு அடிக்கிற?" "கடைக்குமா. நூல் கேக்கறதுக்கு." வெள்ளிக்கிழமை, விளக்கு எரிகிறது, பொய் சொன்னேன்.

கொல்லைப்பக்கம் போய் மழையில் நின்று மெசேஜ் பேசினேன். "டேய் முரளி. எங்க இருக்கியோ அங்கயே வண்டிய நிறுத்துடா. ஒரு அடி கூட நகராத. நாளைக்கு விடிஞ்சு போனா போதும். நேரத்த நான் தப்பாப் பாத்துட்டேன். பெரீமா சொல்றேன், நில்லு."

ஒரு டிக். ரொம்ப நேரம் ஒரு டிக். அப்புறம் இரண்டு. விளக்கு வைக்கிற நேரம் பதில் வந்தது, அதுவும் வாய்ஸ்.

"சரி பெரீமா, நீ சொன்னா நிக்கறேன். இந்தப் பக்கத்து கேட்டத் தாண்டிட்டேன். அந்தப் பக்கத்து கேட்டு இன்னும் வரல. ரெண்டுக்கும் நடுவுல, மலைல, ஒரு வளைவாண்ட ஓரங்கட்டிட்டேன். ஒரே புழுதிக் காத்து, முன்னாடி ரோடே தெரியல. பின்னாடி லாரிங்க வந்துக்கினே இருக்குது. பொழுது விடிஞ்சதும்"

அதோடு நின்றுவிட்டது. பட்டனிலிருந்து விரல் எடுத்திருப்பான்.

நின்றுவிட்டான். என் பேச்சைத் தட்டாத பிள்ளை. சாமி படத்துக்கு முன் விழுந்து எழுந்தேன். புழுதிக் காற்று, இரண்டு கேட்டுக்கு நடுவில் நிறுத்தச் சொல்லிவிட்டேன் என்று மட்டும் கலாவிடம் சொன்னேன். மேலே ஓடிப்போய் ஷபானாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு கேட்டுக்கும் நடுவுலன்னா சொன்னாரு?"

"ஆமா. அந்த ரோடு ஒன் கணக்குல எந்தக் கட்டத்துலமா வருது?"

மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். இடது பக்கம் ஒரு நாடு, வலது பக்கம் ஒரு நாடு, வரிவரியாகச் சட்டம்.

"ரெண்டு கட்டந்தான் ஆன்ட்டி இருக்குது."

"நடுவுல ஒரு கோடு போட்டிருக்கியே."

"அது வெறும் கோடு ஆன்ட்டி."

ஐப்பசி 22, சனி

மழை இல்லை. ஆனால் வெயிலும் இல்லை. காக்கா கூட வரவில்லை, சோறு அப்படியே காய்கிறது.

வெள்ளிக்கிழமைத் தாளை இன்னும் கிழிக்கவில்லை. கிழித்தால் இன்றைக்கு.

அங்கே விடிந்து வெகுநேரம். ஃபோன் அடித்துக்கொண்டே போகிறது, எடுக்கவில்லை. அப்புறம் அடிப்பதும் இல்லை. கடைக்காரரின் ஆள் வந்து இரண்டு புடவையை மட்டும் வாங்கிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே போனான். ஷபானா அவள் ஆபீஸில் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறாள். நேற்றிலிருந்து படியிறங்கி வரவில்லை. வேலை இருக்கும்.

கலா மாதுளை உரித்துக்கொண்டிருக்கிறாள். "டவர் இல்லாத எடமா இருக்கும் அத்தை. நடுவுலதான நிக்கிறாரு. நீ நிறுத்தச் சொன்னதே நல்லதாப் போச்சு. இல்லன்னா அந்தப் புழுதில ஓட்டிக்கினு போயிருப்பாரு."

ஆமாம்மா என்றேன்.

கொல்லைப்பக்கம் வந்து அந்த மெசேஜை மறுபடி வைத்தேன். நேற்று பாதி காதில்தான் கேட்டிருக்கிறேன். காதோடு அழுத்தி வைத்துக் கேட்டேன். பொழுது விடிஞ்சதும் என்ற இடத்தில் அவன் விரல் எடுக்கவில்லை. அதற்கப்புறமும் ஓடுகிறது. காற்றுச் சத்தம். ஒரு ஹாரன், நீளமாக. விடாமல். கிட்ட வருகிறது.

கலா கூப்பிடுகிறாள், ஷபானா கீழே வந்திருக்கிறாளாம்.