வாய்க்கால் வழி

என் மகனுக்கு,

அம்மாவை நேற்று அடக்கம் செய்துவிட்டோம். எல்லையில் துப்பாக்கியோடு நிற்பவனிடம் போனில் சொல்ல மனம் வரவில்லை. நானும் அப்படி நின்றவன்தானே.

போதகர் நான்தான் என்பதால் ஜெபமும் நானே செய்தேன். பெட்டியோடு கல்லறைக்குப் போகும்போது ஊர்த்தெரு முனையில் அந்தத் தெருக்காரர்கள் மறித்தார்கள்.

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல பாஸ்டர்? உங்க ஆளுங்க பொணம் வாய்க்கா வழியாதான போவும்?"

கொள்ளிடம் பெருகி வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. பட்டாளத்தில் துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கி ஆறு கடந்ததுபோல, உன் அம்மாவின் பெட்டியைத் தூக்கிப்போனோம். ஞாயிற்றுக்கிழமை மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்ய வேண்டும். இன்னும் ஒரு வரி எழுதவில்லை.

நான் பட்டாளம் முடித்து யூனிஃபார்மில் வந்த அன்று அதே தெருவில்தான் எனக்கு மாலை போட்டார்கள். வாங்கிக்கொண்டேன்.

நீ லீவில் வரும்போது யூனிஃபார்மில் வராதே.

உன் அப்பா