அசையாமல் உட்கார்ந்திருந்த கானமயில்

பிளெய்ன்ஸ்பரோ
ஜூலை 17

அன்பு மாளவிகாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் விஷாகாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், டெக்ஸஸ் வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். கென்யாவிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிறது, போட்டோ எங்கே போட்டோ எங்கே என்று நீ கேட்கும்போதெல்லாம் ஜெட்லாக், டவுன்லோட் ஆகவில்லை என்று எதையாவது சொல்லித் தட்டிக்கழித்தேன். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அப்பா வேறு எப்போதும் ஸ்பீக்கரில் போடு என்பார், அதனால்தான் இந்தப் பேப்பரும் பேனாவும். முழுக்கப் படித்துவிட்டுக் கூப்பிடு, பாதியில் கூப்பிடாதே.

லேபை விட்டு வர முடியாது என்று நீ சொன்னபோது ஒரு பறவை லிஸ்ட் அனுப்பினாய் இல்லையா, அதில் கோரி பஸ்டர்டுக்கு மட்டும் இரண்டு கோடு போட்டு, நம் ஊர்க் கானமயிலுக்கு ஒன்றுவிட்ட அக்கா மாதிரி, எனக்காக ஒரே ஒரு நல்ல போட்டோ என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் எத்தனை தரம் படித்தேன் என்று உனக்குத் தெரியாது. எங்களுக்கு வாய்த்த டிரைவர் பெயர் கிப்ரோனோ, கைடும் அவர்தான், முப்பது வயதுதான் இருக்கும், தலையைத் திருப்பாமலே இடது பக்க மரத்தில் என்ன பறவை என்று சொல்லிவிடுவார். முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார், இங்கே ரோடு கிடையாது, இரண்டு சக்கரம் போன கோடுதான் ரோடு, அதை விட்டு ஒரு அடி இறங்கினாலும் என் லைசென்ஸ் போய்விடும், புல்லுக்குள் கூடு இருக்கும் என்று. நாங்களும் நல்ல பிள்ளைகள் மாதிரித் தலையாட்டினோம். அந்தக் கோட்டில் போவதற்கே இடுப்பு கழன்றுவிட்டது. உன் அம்மாவைத்தான் தெரியுமே, மூன்று நாளும் அவரைத் தனியாகச் சாப்பிட விடவில்லை. புளிக்காய்ச்சல் கொண்டுபோயிருந்தேன், லாட்ஜில் வெறும் சாதம் வாங்கிக் கலந்து முதல் தட்டு அவருக்குத்தான், காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இன்னும் கொஞ்சம் என்று நீட்டுவார். விசாலத்துக்கு ஸ்டியரிங்கோடு ஒரு தம்பி பிறந்துவிட்டான் என்று அப்பா என்னைக் கேலி செய்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் காலையில் உன் கானமயிலைப் பார்த்தோம் மாளு. தூரத்தில், புல்லுக்குள், சாம்பல் நிறக் கழுத்து மட்டும் தெரிந்தது. கேமராவில் பார்த்தால் ஒரு பழுப்பு மூட்டைதான். நான் கிட்டே போகலாமா என்று கேட்டேன், கூடாது என்றார். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கள், யாருமே இல்லையே என்றேன், சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி மறுத்தார். மூன்றாவது தரம், என் பெரிய பெண் பறவைகளைப் பற்றித்தான் படிக்கிறாள், அவளுக்காக, உங்கள் அக்கா கேட்கிறதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்போது என் கையில் அவருக்கென்று மூடிவைத்த சாப்பாட்டு டப்பா இருந்தது. மூன்று நாள் சோறு போட்டேனே, அது அன்பு என்றுதான் நினைத்திருந்தேன், அவர் என்னை மறுக்க முடியாதபடி செய்யத்தான் போட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியைப் புல்லுக்குள் திருப்பினார். நாங்கள் நெருங்க நெருங்க அது அசையவே இல்லை, பாரேன் எவ்வளவு சமர்த்தாகப் போஸ் கொடுக்கிறது என்று நான் சொன்னேன், நான்தான் சொன்னேன். கடைசி நொடியில் அது எழுந்து ஓடியது, அவர் பிரேக்கை மிதித்தார், முன் சக்கரத்தடியில் அப்பளம் நொறுங்கின மாதிரி ஒரு சத்தம். இறங்கிப் பார்த்த கிப்ரோனோ இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். இரண்டு முட்டையில் ஒன்று டயரில் மஞ்சளாக வழிந்துகொண்டிருந்தது, இன்னொன்று கீறல்கூட இல்லாமல் புல்லில். அது அடைகாத்துக்கொண்டிருந்திருக்கிறது, அதனால்தான் அசையவில்லை. நானும் இரண்டு பெற்றவள்தானே, எனக்கு ஏன் தோன்றவில்லை? போன ஏப்ரலில் நம் பார்க்கிங் லாட் நடுவில் வாத்து அடைகாத்தபோது அபார்ட்மென்ட் ஆபீஸ்காரர்கள் ஆரஞ்சு கூம்பு வைத்தார்கள், நான்கு வாரம் முணுமுணுக்காமல் சுற்றித்தான் போனேன், அதே நான்தான் இது.

அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் எனக்கு ஜீரணமாகவில்லை. ரேஞ்சர்களின் ஜீப் வந்தது, கோட்டை விட்டு யார் இறங்கச் சொன்னது என்று கேட்டார்கள். அப்பா, நாங்கள் டூரிஸ்ட், எங்களுக்கு என்ன தெரியும், டிரைவர்தான் கூட்டிவந்தார் என்று சொல்லிவிட்டார். மாளு, உன் அப்பா. டோல் பூத்தில் சில்லறை கூட வந்தால் திருப்பிக் கொடுக்கிற மனிதர். பின்னால் கேட்டதற்கு, பதினோரு வருஷமாகக் கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறோம், எந்த நாட்டிலும் நம் பெயரில் ஒரு புகார்க் காகிதம் இருக்கக் கூடாது, அந்த நேரத்தில் எனக்கு அதுதான் தோன்றியது என்றார். அவரைச் சொல்லி என்ன, நான் வாயைத் திறந்தேனா? விஷாகா மட்டும் அம்மாதானே போகச் சொன்னாள் என்று இங்கிலீஷில் ஆரம்பித்தாள், நான் அவள் தொடையில் கிள்ளினேன். ஒன்பது வயதுக் குழந்தை, உண்மை சொன்னதற்குக் கிள்ளினேன். ரேஞ்சர் காதில் விழவில்லை. கிப்ரோனோ என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, தப்பு என்னுடையதுதான் என்று அவர்கள் நீட்டின காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த டப்பா திறக்காமலே திரும்பி வந்தது.

போன செவ்வாய்க்கிழமை டூர் ஏற்பாடு செய்தவர்களிடமிருந்து மெயில் வந்தது. கிப்ரோனோவின் லைசென்ஸை நிறுத்திவைத்திருக்கிறார்களாம், நாளைக்கு அங்கே விசாரணை, வண்டியில் இருந்தவர்கள் ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று. அப்பா படித்துவிட்டு, முடிந்துபோன விஷயம், நாம் போய்த் தலையைக் கொடுக்க வேண்டாம் என்று லேப்டாப்பை மூடிவிட்டார். நேற்று அவர் பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்கு ரயில் பிடிக்கப் போனதும் நான் எழுத உட்கார்ந்தேன். அனுப்பிவிட்டு அப்பாவுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன், சரி என்று வைத்துவிட்டார். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர், என் பெயரையும் போட்டாயா என்று மட்டும் கேட்டார். இல்லை, உங்களுடையதை நீங்கள்தான் எழுத வேண்டும் என்றேன். இன்னும் எழுதவில்லை. நீ அவரிடம் கோபப்படாதே, அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னிடம் வேண்டுமானால் கோபப்படு, பறவைக்காகப் படிக்கிறவள், உனக்குக் கோபம் வராவிட்டால்தான் எனக்குப் பயமாக இருக்கும்.

இரண்டு வாசல் தாண்டிக் கடைக்குப் போவதானாலும் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள், ஃப்ரீவேயில் லாரிக்குப் பக்கத்திலேயே ஓட்டாதே, தலைக்கு எண்ணெய் வை. நீ எடுத்துக்கொண்ட படிப்பு உன்னை என்னைவிட நல்லவளாக வைத்திருக்கட்டும், தெய்வம் துணை இருக்கும். ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். மெயிலை அனுப்புவதற்கு முன் விஷாகாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். நான் கிள்ளின அன்றிலிருந்து என்னிடம் ஆமாம் இல்லை தவிரப் பேசாதவள், விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். கிட்டே போகும்படி நான் கேட்டுக்கொண்டேன் என்று எழுதியிருந்த இடத்தில் நிறுத்தி, த்ரீ டைம்ஸ் அம்மா என்றாள். மூன்று முறை என்று திருத்தி, அதற்கப்புறம்தான் அனுப்பினேன்.

உன் அம்மா,
விசாலாக்ஷி