நீங்கள் போகாத ரோமாபுரி

அன்பு மெற்றில்டா அக்கா,

உங்களை நான் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. கொட்டாஞ்சேனை வீட்டு ஹோலில், சின்ன மின்குமிழ் எரியும் படத்தில் பார்த்ததுதான். நீங்கள் கண்மூடிப் பல வருடங்களுக்குப் பிறகு, தலை நரைக்கத் தொடங்கிய வயதில், அந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்தவள் நான். நீங்களும் நானும் "அவர்" என்று சொல்வது ஒரே மனிதரைத்தான். அந்த உரிமையில்தான் அக்கா என்கிறேன். கோபிக்க மாட்டீர்கள்தானே?

நாங்கள் ரோமுக்குப் போய் வந்தோம், அக்கா. அவர் உங்கள் கல்லறைக்கு வந்து தன் பாட்டில் எல்லாம் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொல்லும் ரோம் வேறு, நான் பார்த்தது வேறு.

அந்த ஊர் உங்கள் ஆசை என்று எனக்குத் தெரியும். ஞாயிறு மறைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் படம் காட்டிக் காட்டியே உங்களுக்கு அந்த ஆசை வந்ததாம். பாஸ்போர்ட்டும் எடுத்து வைத்திருந்தீர்களாம். அதற்குள் வருத்தம் பிடித்துப் படுக்கையில் விழுந்துவிட்டீர்கள். இவர் துறைமுக வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும், "ரோமுக்குப் போவமா?" என்று என்னைக் கேட்டார். எனக்காகத்தான் கேட்கிறார் என்று நான் நம்பினேன். நான் பிறந்து வளர்ந்த வெள்ளவத்தைக்குப் போய் என் சகோதரிகளுக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். கிட்ட இருக்கிற தெல்கந்தையைத் தாண்டுவதற்கே ஆள் துணை தேடியவள் நான்.

யாருக்காக வந்தோம் என்று போய் இறங்கிய முதல் நாளே விளங்கிவிட்டது. கொலோசியத்துக்கு முன்னால் குடை விற்றுக்கொண்டு நின்றவர் எங்கள் நாட்டு வென்னப்புவ ஆள். எங்களைக் கண்டதும் சிங்களத்தில் கதைக்கத் தொடங்கினார். இவரும் மகிழ்ச்சியாகக் கதைத்தார். "எங்கட நோனாவுக்கு இதைப் பார்க்கச் சரியான ஆசை" என்று இவர் சொல்ல, அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆசைப்பட்ட அந்த மனைவி நான்தான் என்று குடைக்காரரின் நினைப்பு. நானும் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

அதன் பிறகு ஒவ்வொரு சந்தியிலும் நீங்கள்தான். புனித பேதுரு பேராலயத்தின் தூண்களைப் பார்த்தால் "மெற்றில்டா இதைச் சொன்னவ" என்பார். தெருவோரக் குழாயில் தண்ணீர் குடித்தால் "மெற்றில்டாவுக்கு இது தெரிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பா" என்பார். வெயிலில் கல் பாவிய தெருக்களில் நடந்து கால் வீங்கியது எனக்கு. பார்த்தது நீங்கள்.

நீங்கள் ஒரு தடவை போய் வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பொறாமை வந்திராது, அக்கா. போனவர்களோடு போட்டி போடலாம். நீங்கள் கால் வைக்காத ஊர் முழுக்க உங்களுடையதாக இருந்தால் நான் எங்கே போய் நிற்பது?

திரெவி நீரூற்றில் சனம் நெருக்கியடித்தது. தண்ணீருக்கு முதுகைக் காட்டிக் காசு போட்டால் அந்த ஊருக்கு மறுபடியும் வருவார்களாம். இவர் என் கையில் ஒரு காசு தந்தார். தன்னுடையதைப் போட்டார். பிறகு பொக்கெற்றில் இருந்து இன்னொன்றை எடுத்தார்.

"இது மெற்றில்டாவுக்கு" என்றார்.

கல்யாணம் கட்டிய நாளில் இருந்து உங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லாதவள் நான். உங்கள் படத்துக்குக் கீழே குமிழ் பழுதானால் ஆட்டுப்பட்டித் தெருவுக்குப் போய் வாங்கி வந்து மாற்றுகிறவளும் நான்தான். அன்றைக்கு வாய் திறந்துவிட்டது.

"அவ வரேல்லை. நான்தான் வந்திருக்கிறன். என்னை ஒருக்காப் பாருங்கோ."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் முகம் கறுத்துவிட்டது. இரண்டு பேரும் அறைக்குத் திரும்பினோம். நான் என் காசைப் போடவேயில்லை.

அடுத்த நாள் காலையில் நான் கடல் பார்க்கப் போகிறேன் என்றேன். ரோமில் இருந்து ரயிலில் போனால் ஒஸ்தியா என்ற இடத்தில் கடல் இருக்கிறது என்று தங்கியிருந்த வீட்டுக்காரி சொல்லியிருந்தா. கடல் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம், வெள்ளவத்தையில் இல்லாத கடலா என்று இவர் கேட்டார். வராவிட்டால் தனியப் போவேன் என்றேன். தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

ரயிலில் யன்னலோரமாக இருந்தார். அந்த வழியில் உங்களைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை, அக்கா. அந்தக் கடலைப் பற்றி நீங்கள் ஒருநாளும் கதைத்ததில்லையாம். உங்களுக்கு அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது. உங்கள் வீட்டில் எதையோ களவெடுத்த மாதிரி எனக்குள் ஒரு சந்தோஷம். இன்றைக்கு ஒரு நாளாவது நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைத்தேன்.

கடைசியில் உங்களைக் கூட்டி வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். மணலில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில், ஏன் கேட்டேனென்று தெரியாது, "அவவுக்குக் கடல் பிடிக்குமா?" என்று கேட்டுவிட்டேன்.

பயம் என்றார். காலிமுகத்திடலுக்குப் போனாலும் றோட்டுப் பக்கம்தான் நிற்பீர்களாம். இறால் வைத்த இஸ்ஸோ வடையை அவர்தான் வாங்கிக்கொண்டு வந்து தர வேண்டுமாம். சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், முகத்தைத் தொப்பியால் மூடி அழத் தொடங்கினார். பேராலயத்துக்குள் அழாதவர். உங்களைத் தெரியாத ஒரு கரையில் இருந்து அழுதார்.

எனக்குப் பாவமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. நான் செத்தால் எனக்காக யாராவது இப்படி அழுவார்களா? இந்தக் கேள்வியை உங்களைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்? அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

கண்ணைத் துடைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உனக்கு ஏன் கடல் பிடிக்கும், சாந்தி?"

அந்தப் பயணத்தில் என்னைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. நான் சொன்னேன். நெருக்கமான வீட்டில் நோயாளி அப்பாவைப் பார்த்துக்கொண்டு வயது போனதையும், பின்னேரத்தில் தண்டவாளத்தைக் கடந்து போய்க் கடற்கரைக் கல்லில் இருந்தால் அந்த நேரம் மட்டும் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பதையும் சொன்னேன். இத்தனை வருடத்தில் அவரிடம் சொல்லாத கதை. முழுக்கக் கேட்டார். பிறகு காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு எழும்பி, எனக்குக் கை நீட்டினார்.

பொரளைக் கனத்தை மயானத்துக்கு அவர் உங்களிடம் வரும்போதெல்லாம் நான் வெளியே ஓட்டோவில்தான் இருப்பேன். அது உங்கள் இரண்டு பேருடைய நேரம் என்று நல்லவள் மாதிரிச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் உள்ளே வந்து உங்களுக்கு முன்னால் நிற்கப் பயம். இனி வருவேன். நீங்கள் ஆசைப்பட்ட ரோமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறேன். தூண்கள், ஓவியங்கள், மணிச்சத்தம், குழாய்த் தண்ணீரின் குளிர்மை, நீங்கள் கேட்கும் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்வேன். இது சத்தியம்.

ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் இறங்கிய அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், அக்கா. அது என்னுடையது.

உங்கள் தங்கச்சி,
சாந்தி
கொட்டாஞ்சேனை